அடித்தண்ணீர்

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, ஏரியோடு கால்வாயால் இணைந்த ஒரு ஊரில், ஜமுனாவின் நிலம் வெகுகாலம் உப்புப் பூத்துத் தரிசாகக் கிடந்தது. புருஷன் இளங்கோவன் அதைக் கைகழுவிவிட்டு மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஜமுனாவுக்கு மனசு கேட்கவில்லை. கோடையில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதாள். மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, உப்பைக் கரைத்து வடித்தாள். மூன்று வருஷம் இப்படிக் கழுவிய மண்ணில், உப்பைத் தாங்கும் பழைய ரகமான குழியடிச்சான் நெல்லை விதைத்தாள். இயற்கை விவசாயப் பயிற்சியில் அவளுக்கு உப்புமானி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். பேனா அளவுக் கருவி. நுனியைத் தண்ணீரில் தொட்டால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும்.

ஊர் வழக்கத்தையும் அவள் விடவில்லை. கால்வாய்த் தண்ணீரை வயலுக்கு ஏற்றும் முன், நுனியில் துணி சுற்றிய மூங்கில் கழியை அடிமண் தட்டும்வரை இறக்கி எடுத்து, துணியைப் பிழிந்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரித்தால் அன்று இன்ஜின் ஓடாது. ஜமுனா நாக்கில் வைத்துவிட்டு, பிழிந்த நீரில் உப்புமானியையும் தொடுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் இன்ஜினைக் கிளப்புவாள்.

நிலம் பங்கு பிரியாதது. இறால் பண்ணைக்காரர் ஒருவர் அதைக் கேட்டு, கொழுந்தன் சிவகுமாரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு போகம் பாத்துக்க அண்ணி," என்றான் சிவகுமார். "வெளைஞ்சா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லாங்காட்டி எறால் குட்டை வெட்ட வுட்டுடுவேன். அப்பால அழுதுகினு நிக்காத."

மார்கழியில் பயிர் பூக்கிற சமயம், பாசனக் குளம் வற்றிவிட்டது. அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு மழை பெய்து, கால்வாய் மட்டும் நிறைந்திருந்தது. அமாவாசையன்று ஜமுனா காய்ச்சலோடு கரைக்கு வந்தாள். கால்வாயில் மீனவக் குப்பத்துப் பிலோமினா, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

"ஜுரம்க்கா. நாக்கு செத்துப்போச்சு, எல்லாமே கசக்குது. கழிய எறக்கி இன்னா பண்றது?"

"ஒன் மெஷினுக்கு ஜுரம் வர்லியே? அத்த வெச்சிப் பாரு."

பிலோமினா பறியைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே பெரிய பெரிய இறால்கள் துள்ளின. "அடியில கை வெச்ச எடமெல்லாம் மாட்டுது. கடல்லேர்ந்து வழி தவறி வந்துட்ச்சுங்க போல."

"கொழம்புக்கு ரெண்டு குடுக்கா. வாயாவது தேறட்டும்."

இருவரும் சிரித்தார்கள். ஜமுனா கரையில் குனிந்து, உப்புமானியின் நுனியை மேல்தண்ணீரில் தொட்டாள். சின்ன எண். இன்ஜினைக் கிளப்பினாள். உறிஞ்சு குழாயின் வாய் கால்வாயின் அடியில் கிடந்தது. பொழுது சாயும்வரை தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது.

அந்த வாரத்துக்குள் இலைநுனிகள் கருகின. பூத்த கதிர்கள் பால் பிடிக்காமல் வெளுத்து நின்றன. உப்பைத் தாங்கும் நெல்தான், ஆனாலும் பூக்கிற நேரத்தில் அதுவும் தாங்காது. ஜமுனா கழியை அடிவரை இறக்கினாள். காய்ச்சல் விட்டிருந்தது. துணியைப் பிழிந்து நாக்கில் வைத்ததுமே துப்பினாள். அமாவாசை ஏற்றத்தில் கடல்நீர் கால்வாயின் அடிவழியே ஏறி வந்திருந்தது. கனமில்லாத மழைநீர் அதன்மேல் மூடியாக நின்றிருந்தது.

சிவகுமார் வரப்பில் வந்து நின்றான். வெளுத்த கதிர் ஒன்றைப் பிடுங்கி நசுக்கிப் பார்த்தான்.

"மெஷின் தப்பாக் காட்டுச்சா அண்ணி? வா, போய் அத்தக் குடுத்தவங்கள நாலு கேள்வி கேப்போம்."

"அது சரியாத்தான் காட்டுச்சு. நாந்தான் மேல தொட்டேன். ரெண்டு எறால வாங்கிக்கினு சிரிச்சேன் பாரு, அதுங்க எந்தத் தண்ணில வந்துச்சுன்னு யோசிக்கல."

"நான் சொன்ன சொல்லு..."

"தெரியும். வெட்டச் சொல்லு."

தண்ணீர் எட்டாத மேட்டு மூலையில் மட்டும் கொஞ்சம் நெல் விளைந்தது. அதை அறுத்து முடித்த மறுநாள் ஜேசிபி வந்தது. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்க முடியுமா என்று ஜமுனா கேட்டாள்.

"இன்னாத்துக்கு?" என்றான் டிரைவர்.

அவன் மேல்மண்ணை வழித்துச் சுற்றிலும் கொட்டினான். குட்டைக்கு அதுவே கரை.