இறங்காத காய்ச்சல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் என்பதால் தெருவில் அவருக்கு ‘ஹலோ அக்கா’ என்றே பெயர். ஓய்வு பெற்றபின் தம்பியோடுதான் இருந்தார். தம்பிக்கும் எழுபது தாண்டிவிட்டது. இருவருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பஞ்சும் ஸ்பாஞ்சுத் துண்டுகளும் சிதறிக் கிடக்கும் முன்னறையில் தம்பி சோபாக்களுக்கு உறை மாற்றிக்கொண்டிருப்பார். வாயில் ஆணிகளைக் கவ்வியபடி அவர் ‘ம்’ கொட்ட, அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பிரஷருக்கு, சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, தைராய்டுக்கு என்று அக்காவுக்கு ஏகப்பட்ட மாத்திரைகள். “மாத்திரைதான் என் சாப்பாடு, சோறு தொட்டுக்க” என்பார். கால் பெருவிரல் வீங்கி நடக்க முடியாமல் போனபோது, யூரிக் ஆசிட் அதிகம் என்று இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது.

சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. கிளினிக் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். பிறகு அதை மாற்றிக் கொடுத்தார். காய்ச்சல் மசியவில்லை. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. தம்பி வேலையைப் போட்டுவிட்டு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார், மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தார். பாதி பிரித்த சோபா முன்னறையில் எலும்பும் தோலுமாக நின்றது. சோபாவைக் கொடுத்தவர் வந்து கேட்டதற்கு, “வேற எங்கயாவது குடுத்துக்கோங்க” என்றார். அதைக் கேட்டபோதுதான் அக்காவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, வார்டு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளம் பெண். தெர்மாமீட்டர் நூற்று மூன்றைக் காட்டியது. அக்காவோ பக்கத்துக் கட்டில்காரிக்கு மருமகளைச் சமாளிக்க யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

“பசிக்குதாம்மா?”

“நல்லா பசிக்குது. உங்க கஞ்சியப் பாத்தாதான் ஓடிப்போயிடுது.”

டாக்டர் சிரித்தார். தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நூத்தி மூணு காய்ச்சல்ல இவ்வளவு தெம்பா பேசறாங்களே. கடைசியா புதுசா ஆரம்பிச்ச மாத்திரை எது சார்?”

“கால் விரலுக்குக் குடுத்தது.”

“அதுக்கு அப்புறம்தானே காய்ச்சல்?”

தம்பி தலையாட்டினார்.

“கிருமி இல்லாம மருந்தாலயே காய்ச்சல் வரும் சார். வயசானவங்க இத்தனை மாத்திரை போடும்போது எதனாலன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். எனக்கு அது மேலதான் சந்தேகம். அதையும் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திப் பாப்போம். மத்தத நீங்களா நிறுத்திடாதீங்க.”

தம்பி வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“நான்தான்க்கா குடுத்தேன். ஒரு வேளைகூட மறக்காம.”

“மறந்திருந்தா திட்டியிருப்பேன். உனக்கு என்ன ஜோசியமா தெரியும்? உக்காருடா.”

ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது தம்பிக்குப் பெரும்பாடாக இருந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நர்ஸின் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் அசையவில்லை. அடுத்த நாள் லேசாக இறங்கியது. அதற்கடுத்த மத்தியானம் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது, உடம்பு குளிர்ந்திருந்தது.

“நார்மல்” என்று சொல்லித் திரும்பினார் நர்ஸ். தம்பி நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போனவரை அக்கா தடுத்தார்.

“விடும்மா. தூங்கி எத்தனை நாளாச்சோ. எந்திரிச்சதும் நானே சொல்லிக்கிறேன்.”

சாயங்காலம் தம்பி கண்விழித்தபோது அக்காவின் போர்வை அவர்மேல் கிடந்தது. அவர் வாயைத் திறக்கும் முன், அக்கா அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை.

அந்த மாத்திரை இனி ஆகவே ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். விரல் வலிக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். வலி முழுதாக விடவில்லை. வீட்டுப் படியேறும்போது அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா வாக்கா.”

“நீ முதல்ல மெதுவா போடா” என்றார் அக்கா.