குழைந்துபோன ஜவ்வரிசி

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று காலை அவளே, "பசிக்குதுடி. ஜில்லுனு இன்னாவது குடு" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரீல்ஸில் பார்த்த மாம்பழ ஜவ்வரிசியைச் செய்துவிட ஓடினேன்.

ஜவ்வரிசிக்கான மரவள்ளி எங்கள் காட்டிலேயே விளைகிறது. ஆனாலும் வீட்டில் இருந்தது சீக்கிரம் கரைந்துவிடும் மாவு ஜவ்வரிசி என்பதை நான் கவனிக்கவில்லை. கொதிநீரில் கொட்டியதும் எல்லாம் குழைந்து கூழாகிவிட்டது.

"கொழஞ்சா இன்னாடி? பழத்தக் கரைச்சி அப்படியே குடு, எறங்குனா போதும்" என்றாள் அம்மா.

"இரும்மா, முத்து முத்தா கண்ணாடி மாதிரி வரணும்."

"எனுக்கு ஆக்குறியா, உன் போனுக்கு ஆக்குறியா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே, வெந்தாலும் முத்தாகவே நிற்கும் நைலான் ஜவ்வரிசி வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வந்து வேகவைத்து, அலசி, மாம்பழமும் பாலும் அடித்துக் கலந்து, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. படமும் எடுத்தேன்.

கரண்டியை நீட்டியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பசி போய்ட்ச்சிடி. நீ துன்னு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதன்பின் அவள் பசி என்று சொல்லவே இல்லை. அந்த மாதமே போய்விட்டாள்.

பெற்றவளை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கடைசியாகப் பசித்தவளைக் காக்க வைத்தவள் நான்தான் என்று அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.