திவசத்தில் சேராத கிழங்கு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு தகராறு. காரணம் யார் தெரியுமா? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்!

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ். அன்று அப்பாவின் முதல் வருஷத் திவசம்.

பத்து நாள் முன்பே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்கப்பாவுக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட்னா உயிர்டா. பொன்மலைக்கு வேலைக்குப் போன முப்பது வருஷமும் கேரியர்ல அதான். 'கொஞ்சம் கூடவே வை'ம்பார். அன்னிக்கு ஒரு நாளாவது அவர் பேரைச் சொல்லி இலையில ஒரு துண்டு போடச் சொல்லேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அம்மா என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

யாரிடம் சொல்வது? சமையலுக்கு வருகிற கோமளா மாமியிடம்தான். திருவானைக்காவலிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். திவசச் சமையலில் அவர் வைத்ததுதான் சட்டம். போனில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"உருளைக்கிழங்கா? நன்னாருக்கே! கப்பல்ல வந்தது எதுவும் திவசத்துல சேராது. தக்காளி, மிளகாய், கோஸ்... எதுவும் கிட்டக்கயே வரப்படாது. காரத்துக்கு மிளகுதான்."

இந்த மிளகு இருக்கிறதே... யோசித்தால் வேடிக்கை. அதைத் தேடித்தான் அந்த ஐரோப்பியர்கள் கடலில் இறங்கினார்கள். மிளகை அள்ளிக்கொண்டு மிளகாயைக் கொடுத்தார்கள். அத்தோடு விட்டார்களா? துப்பாக்கி வந்தது, கோட்டை வந்தது, நாடே கைமாறியது. எங்கெங்கோ இருந்த மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தப் பாவத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதே வழியில் பின்னால் ரயில் வந்தது, பொன்மலைப் பட்டறை வந்தது, அங்கே அப்பாவுக்கு வேலை கிடைத்தது — நான் படித்து ஆளானதே அதில்தான். யாரைத் திட்டுவது, யாருக்கு நன்றி சொல்வது?

வருஷம் முழுக்க மிளகாயை வெளுத்துக் கட்டுகிற நாம், திவசத்தன்று மட்டும் அந்தக் கப்பல்கள் வரவே இல்லை என்று சாதிக்கிறோம்!

செவ்வாய் காலை. மாமி சர்க்கரைவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வியாதி உண்டு — உங்களுக்குத்தான் தெரியுமே — எதைப் படித்தாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"மாமி, இதுவும் கப்பல்ல வந்ததுதான். போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது."

என் திட்டம் வேறு. இதற்கு இடம் உண்டென்றால் உருளைக்கிழங்குக்கும் கொடுங்கள் என்று மடக்கலாம். அம்மா முகம் மலருமே!

கத்தி நின்றது. "நெஜமாவா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு மாமி."

"தெரியாத வரைக்கும் தோஷமில்லை. தெரிஞ்சப்புறம் எப்படிப் போடறது?" நறுக்கிய கிழங்கு அத்தனையும் ஓரங்கட்டப்பட்டது.

மந்திரம் சொல்லும் வாத்தியார் வர முக்கால் மணிதான் இருந்தது. குளித்துத் தயாராக நின்றவன், சட்டையை மாட்டிக்கொண்டு சேனைக்கிழங்கு வாங்க ஓடினேன். திரும்பி வந்து மறுபடி குளியல். ஈரத் தலையோடு நின்றவனிடம் அம்மா கேட்டாள். "உருளைக்கிழங்கை உள்ளே விடச் சொன்னா, இருந்த கிழங்கையும் வெளியே அனுப்பிட்டியேடா!"

திவசம் குறையில்லாமல் நடந்தது. அம்மாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவளே உருளைக்கிழங்கு ரோஸ்ட் செய்து அப்பாவின் பழைய கேரியரில் அடைத்தாள். "கிளம்பு, பொன்மலைக்குப் போகலாம். அந்தோணி சாப்பிட்டா அவர் சாப்பிட்ட மாதிரி." அந்தோணி அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்தவர். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் எப்போதும் ஒன்றாகத்தான்.

கேரியரைத் திறந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு துண்டை வாயில் போட்டார். "அதே மொறுமொறுப்பும்மா! முப்பது வருசம் நான் சாப்பிட்ட ரோஸ்ட்டாச்சே!"

"நீங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாங்கம்மா. சாமி இதைத் தொடவே மாட்டாரு. எனக்காகத்தான் கூட வைக்கச் சொல்வாரு. நான் எங்க வீட்டுலேர்ந்து சர்க்கரைவள்ளி அவிச்சுக் கொண்டு போவேன். அதுன்னா அவருக்கு உயிரு! என் வீட்டுது சாப்பிடறது உங்க வீட்டுல தெரியக்கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டாரு."

அம்மா கேரியரைப் பார்த்தாள். "ரிட்டையர் ஆனப்புறமும் தினம் பண்ணிப் போட்டேனே... ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்!" சிரித்தாளா, அழுதாளா? இரண்டும்தான். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆமாம். அப்பாவுக்கு உயிரான கிழங்கை அவர் திவசத்திலிருந்து விரட்டியடித்த புத்திசாலி நான்தான்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கோமளா மாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சர்க்கரைவள்ளி நம் கொள்ளிடக் கரையிலேயே முளைத்ததாம்... புத்தகத்தில் தப்பாகப் போட்டுவிட்டார்களாம்!