ஏழு படிக்கு ஒன்பது பொம்மை

எங்கள் வீட்டுக் கொலுப் பொம்மைகள் நூற்று நாற்பத்து மூன்று. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பரண்மேலிருந்து பெட்டிகளை இறக்கியவன் நான். துணியைப் பிரித்து எண்ணியவனும், முடிந்தபின் எண்ணிச் சுற்றி மேலே ஏற்றியவனும் நானேதான். அப்படியிருக்க, எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கரமனையில் எங்கள் வீட்டில் ஏழு படிகளில் ஒன்பதே பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. அதற்குக் காரணம் எலியோ ஈரமோ அல்ல, சீனாக்காரர்கள்.

அவர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மகள். தத்துவத்தில் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக் கட்டுரைக்கு வேதாந்தத்தை எடுத்துக்கொள் என்றேன். சந்தேகம் கேட்க எங்கள் தெருவிலேயே ஆறு பேர் இருந்தார்கள். அவள் தாவோ தத்துவத்தையும் அதனால் சீனர்களின் அழகுணர்ச்சி எப்படி உருவானது என்பதையும் எடுத்துக்கொண்டாள். அதைப்பற்றிக் கேட்கத் திருவனந்தபுரம் முழுவதும் தேடினாலும் அவளுடைய பேராசிரியர் ஒருவர்தான். அவரும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதாக எனக்குத் தோன்றும்.

நூலகத்திலிருந்து கனமான படப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். ஒரு படத்தில் இடது மூலையில் வளைந்த மரம் ஒன்று, பாலம் ஒன்று, அதன்மேல் எறும்பளவில் ஓர் ஆள். மிச்சம் வெள்ளைத் தாள். முக்கால் பங்கு தாள் வீணாகக் கிடக்கிறதே என்றேன். அது வீணில்லை, அதுதான் படமே என்றாள். அந்த வெள்ளை மூடுபனியாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம், பார்க்கிறவன் மனசு நடமாடுவதற்கு விட்ட இடமாகவும் இருக்கலாமாம். நிறைத்துவிட்டால் அப்புறம் அங்கே யாருக்கும் வேலை இல்லையாம். நேராக வளர்ந்த மரத்தைவிடக் காற்றுக்கு வளைந்த மரத்தை அவர்கள் அழகு என்பார்களாம். தண்ணீர் அரித்துப் பொத்தல் விழுந்த பாறையைத் தேடிக் கொண்டுவந்து தோட்டத்தில் நிறுத்துவார்களாம். கெட்டிக்காரத்தனம் தெரியக் கோடு போட்டால் முகம் சுளிப்பார்களாம். எதையும் வலிந்து செய்யாமல், அதன் போக்கில் விட்டுச் செய்வதுதான் உயர்ந்த செயல் என்றாள். எங்கள் ஆபீஸ் செக்ஷனில் அந்தத் தத்துவத்தில் தேர்ந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், மூன்று மணிக்குமேல் ஒருவரையும் நாற்காலியில் பார்க்க முடியாது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இதெல்லாம் பேச்சோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நவராத்திரிக்குச் சில நாள் முன்பு என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு கொலு வைக்க முடியாது. மகள், நான் வைக்கிறேன் என்றாள். அவளாக வீட்டு வேலைக்கு முன்வந்தாளே என்று சந்தோஷப்பட்டு ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், படிகளில் என்னுடைய சலவை வேஷ்டிகள் நான்கு விரித்திருந்தன. உச்சியில் கலசம். அதன் பக்கத்தில் அம்பாள். இரண்டாம் படி காலி. மூன்றாவதில் மரப்பாச்சி ஜோடி, ஒரு பக்கமாக. நாலு, ஐந்து காலி. ஆறாவதன் வலது ஓரத்தில், கைத்தடி உடைந்துபோன கிழவர் பொம்மை ஒன்று இடது பக்கம் பார்த்து நின்றது. அவருக்கு முன்னால் என் வேஷ்டிதான், கரை உட்பட. கடைசிப் படியில் ஒரு கொக்கும் நான்கு வாத்துகளும். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. நூற்று முப்பத்து நான்கு பெட்டிக்குள் இருந்தன.

“மீதியை எப்போ வைக்கப் போறே?” என்று கேட்டேன்.

“வெச்சாச்சுப்பா. இவ்வளவுதான்.”

வைத்த கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது என்று மனைவி தடுத்துவிட்டாள். சேர்க்கலாமே என்றேன். சேர்ப்பதும் கலைப்பதுதான் என்றாள் மகள். தெருப் பெண்கள் சுண்டலுக்கு வந்தார்கள். ஒருத்தி, வீட்டில் தீட்டு வந்து பாதியில் நிறுத்திவிட்டீர்களோ என்று கேட்டாள். இன்னொருத்தி கிழவரைப் பார்த்து, “பாவம், ஒத்தைக்கு நிக்கறாரே. துணைக்கு எங்காத்துச் செட்டியாரை அனுப்பட்டுமா?” என்றாள். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இந்தப் பேச்சுதான் என் காதில் விழுந்தது.

என் கவலை தெருவைப் பற்றியதல்ல. மூன்றாம் நாள் வலியசாலையிலிருந்து ஒரு மாமி வருவதாக இருந்தது. அவருடைய மகன் பேங்கில் வேலை பார்த்தான். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண் பார்க்க என்று வந்துபோய் வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் சங்கடம். கொலு பார்க்க வருவதில் அந்தச் சங்கடம் இல்லை. வருகிறவர் பெண்ணைப் பாடச் சொல்வார், குங்குமம் வாங்கிக்கொள்வார், வீட்டைப் பார்ப்பார், போவார். பிடித்தால் சொல்லி அனுப்புவார். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் சுண்டலோடு தொடங்குவதுதான். மகளுக்கு வயது இருபத்து நாலு. அதற்கு முன் வந்த இரண்டு இடமும், மேலே படிக்க வேண்டும் என்று அவள் சொன்னதால் தட்டிப்போயிருந்தன. இந்த இடம் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எம்.ஏ.வுக்குப் பிறகு ஆராய்ச்சி செய்ய விடுவார்களா என்று தானே கேட்டுவிடப் போவதாகச் சொன்னாள். முதல் நாளே கேட்காதே என்று மன்றாடினேன். எதையும் வலிந்து செய்யக் கூடாது என்கிற உன் சீனர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டேன். மனசில் இருப்பதை மூடி வைப்பதுதான் வலிந்து செய்வது என்றாள். இந்தத் தத்துவத்தில் இதுதான் பெரிய தொந்தரவு. எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கும்.

மாமி வந்தார். கொலுவுக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். ஐந்தாம் படியில் விரித்திருந்த வேஷ்டியை விரலால் ஒருமுறை தடவினார். பாடச் சொன்னார். மகள் பாடினாள், சுமாராக. பிறகு கேட்டார்.

“ஏன் கொழந்தே, பாக்கி பொம்மையெல்லாம் எங்கே?”

என் மனைவியின் கை முறிந்த கதையை நான் ஆரம்பித்தேன். மகள் என்னைப் பேச விடவில்லை.

“பெட்டியில இருக்கு மாமி. கொஞ்சம் எடம் விட்டாத்தான் இருக்கறது கண்ணுல படும்னு நான்தான் வைக்கலை.”

“எங்காத்துல ஒம்பது படியாக்கும். நடுவுல ஒரு விரல் நுழையாது. படி கொள்ளாததுக்குன்னு கூடத்தை ஒட்டி ஒரு ரூமே இருக்கு, ரெண்டு கண்ணாடி அலமாரியோட.” இதை மாமி பெருமையாகத்தான் சொன்னார்.

“அப்போ எனக்கு எடம் எங்கே மாமி?”

என் மனைவி சுண்டல் பாத்திரத்தை இடது கையால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“எடம்னா?”

“ஒரு மேஜை போடற எடம். எனக்கு இன்னும் படிக்கணும், எழுதணும். காலம்பற ரெண்டு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடப்படாது. மத்த நேரமெல்லாம் நான் எல்லாம் பண்ணுவேன்.”

மாமி குங்குமம் எடுத்துக்கொண்டார். சுண்டலைச் சாப்பிடாமல் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி உள்ளே கொலுவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. இந்த இடமும் போயிற்று என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மனைவி என்னோடு பேசவில்லை, நான் மகளோடு பேசவில்லை, மகள் யாரோடும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தாள். காலி இடத்தின் அழகைப்பற்றி அந்த மூன்று நாளில் மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்திலும் ஓரத்தில் இடம் விடவில்லை. அதைச் சொல்லிக் காட்டக்கூட அவளோடு பேச்சில்லையே என்று இருந்தது.

நான்காம் நாள் காலையில் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளேயிருந்து இரண்டு தகரப் பெட்டிகளும் அவற்றுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனும் இறங்கினார்கள். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. வலியசாலை மாமியின் மகன் என்று சொல்லிக்கொண்டான். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடிக்கப் போனேன். அதற்குள் மகள் வந்து பிடித்துவிட்டாள்.

கூடத்தில் பெட்டியை இறக்கிவிட்டுக் கொலுவைப் பார்த்தான். “அந்தக் கெழவர் எங்கே போறார்?”

“பாக்கறவாளுக்கு எப்படித் தோணறதோ அப்படி.”

குனிந்து கிழவரைப் பார்த்தான். “எனக்கு பஸ்ஸுக்குப் போறாப்பல இருக்கு.”

மகள் சிரித்துவிட்டாள். அந்தக் கட்டுரையை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு அவன் என்னிடம் அம்மா சொல்லி அனுப்பியதைச் சொன்னான். “அந்த ரூமை ஒழிச்சாச்சு மாமா. அலமாரி ரெண்டையும் மாத்தி ஜன்னலோரமா மேஜை போட்டிருக்கு. பின்னே அதுல இருந்த பொம்மைக்கு எடமில்லை. உங்காத்துல படியெல்லாம் சும்மாத்தானே கெடக்கு, அங்கே வெக்கச் சொல்லுன்னா.”

அவன் போன பிறகு மகள், தனக்குச் சம்மதம் என்று இன்றைக்கே சொல்லி அனுப்பச் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகப் படியில் வைக்கக் கை நீட்டினேன்.

“படியில வேண்டாம்ப்பா.”

“அவா படிக்குன்னுதானே அனுப்பியிருக்கா?”

“அது நெறஞ்சுதான் இருக்கு.”

அப்படியானால் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். அதற்கு மனைவி விடவில்லை. நவராத்திரியில் வீட்டுக்கு வந்த பொம்மையை, அதுவும் சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததை, எந்த வீட்டிலாவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா என்று கேட்டாள். மூன்று நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆகவே ரேடியோவின்மேல் பதினொன்று வைத்தேன். தையல் மெஷினில் எட்டு. ஜன்னல் விளிம்புகளில் முப்பது. என் கட்டிலில் ஒரு கல்யாண ஊர்வலம், நாதஸ்வரத்தோடு. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். மிச்சத்தை மனைவி சமையலறைத் தரையில், நான் மணை போட்டு உட்காருகிற இடத்தில், வரிசையாக நிறுத்தினாள். கூடத்தில் ஏழு படிகளும் மூடுபனியோ ஆறோ என்னவோவாக, ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தன. வலியசாலைக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்து, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன்.