கட்டபெட்டு தேயிலைப் பெட்டியில் நாற்பத்தொரு சோல் தட்டுகள்

சென்ற ஆடியில் கட்டபெட்டுக்குப் போய், ஒரு வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த நாற்பத்தொரு சோல் இசைத்தட்டுகளுக்கு விலை பேசினேன். பேரம் முடிவதற்கு முன் அவை யாருடையவை என்று விசாரிக்கக் குன்னூர் வரை போக வேண்டியிருந்தது. விசாரித்தே ஆக வேண்டும் என்று நின்றது நானல்ல, விற்க வந்தவர்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உக்கடத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போட ஆரம்பித்தவன் நான். பேப்பரோடு வரும் இசைத்தட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கி ஒவ்வொன்றாக விற்றால் லாபம் என்று புரிந்த நாளிலிருந்து இதுதான் தொழில். எல்லா இசையும் விற்பேன், ஆனால் நல்ல காசு சோலில்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிய குரலை வெளியே எடுத்து வந்து, காதலுக்கும் பிரிவுக்கும் பாடிய பாட்டுகள் அவை. பெரும்பாலும் ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அந்தக் காலத்தில் யாரும் வாங்காமல் போன தட்டுக்குத்தான் இன்று அடிதடி. பெங்களூரில் மூன்று பேரும் இங்கிலாந்தில் ஒருவரும் என்னிடம் வாங்குகிறார்கள். இங்கிலாந்துக்காரர் பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பார். பதில் இல்லையென்றால் பணமும் இல்லை.

கோத்தகிரியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நண்பர்தான் போன் செய்தார். "ஏனுங்க, சின்னச் சின்னத் தட்டா ஒரு பொட்டி இருக்குதுங்க. நடுவுல ஓட்டையப் பாத்துட்டு உளுந்து வடைன்னு நெனைச்சிராதீங்க" என்றார். மலையில் இப்போது எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று விலைக்கு வருகிறது. பச்சைத் தேயிலைக்கு ஃபாக்டரி கொடுக்கும் விலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கொடுத்தாலே பெரிது. எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இது அறுவடைக் காலம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கோவையிலிருந்து காலை ஐந்தரை பஸ். மேட்டுப்பாளையத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு கோத்தகிரி பஸ் பிடித்தேன். மலைப்பாதை முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வலது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். கோத்தகிரியில் நாள் வாடகைக்கு ஒரு ஜீப் பேசினேன், அறுநூற்றைம்பது ரூபாய், டீசல் அவர் பொறுப்பு. டிரைவர் ஊட்டிப் பக்கம் எமரால்டு ஊர்க்காரர். வழியெல்லாம் தேயிலையைப் பற்றியே புலம்பினார். "எங்கூர்ல செடியப் புடுங்கிட்டு கேரட் போடறாங்க சார். கேரட்டும் கவுத்துச்சுன்னா மறுபடி தேயில வெப்பாங்க. எனக்கு ஜீப்பே போதும்" என்றார். கட்டபெட்டு கோத்தகிரியிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு, தனலட்சுமி அக்காவுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிறுபெண்ணாகச் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர், இப்போது கொழுந்து பறிக்கிறார். கணவர் முருகேசன் ஒரு எஸ்டேட் பங்களாவில் ஜீப் டிரைவராக இருந்தவர், இறந்து நாலு வருடம் ஆகிறது. மழை ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும், அதற்காக விற்கிறார்.

கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தது ஒரு பிளைவுட் தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் அப்படியே இருந்தது. இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. மலையில் இசைத்தட்டைக் கொல்வது பூஞ்சணம். தேயிலைக்கு ஈரம் ஏறாமலிருக்கப் போட்ட ஈயத்தாள் தட்டுகளையும் காப்பாற்றியிருந்தது. அதோடு எல்லாத் தட்டையும் நிற்க வைத்திருந்தார்கள். படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

முதல் தட்டை எடுத்தேன். நடுவே லேபிள் தெரியவில்லை. அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, தாளில் பென்சிலால் ஒரு குடை. அடுத்ததில் சீப்பு. அதற்கடுத்து கெட்டில். நாற்பத்தொன்றும் அப்படியே.

சோல் சேகரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வட இங்கிலாந்து நடன அரங்குகளில் தட்டுப் போடுகிறவர்கள், தங்களிடம் உள்ள அரிய பாட்டு எது என்று போட்டிக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக லேபிளைத் தாள் ஒட்டி மறைத்துப் பொய்ப் பெயர் எழுதுவார்கள். அப்படி மறைத்த தட்டு என்றால் பெரும்பாலும் பொக்கிஷம்தான். நான் சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, இது வெறும் தட்டில்லைங்க. எது எங்கிருந்து வந்துதுன்னு தெரியக் கூடாதுன்னு யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்றேன். பதினைந்தாயிரம் தருவதாகவும் சொன்னேன்.

அவர் பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒளிச்சா?"

"ஆமாங்க்கா."

"அப்ப விக்கல, தம்பி."

ஏன் என்று கேட்டேன். பங்களாவைப் பூட்டிய வருடம் கணவர் இந்தப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்திருக்கிறார். எங்கிருந்து என்று கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினாராம். அதே சமயத்தில், பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றித் திருடினார்கள் என்று இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. என் பேச்சு அதைக் கிளறிவிட்டது.

"அவரு திருடலன்னு எனக்குத் தெரியும். ஆனா தெரியும்னு சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? நீங்க காசக் குடுத்துட்டுக் கோயமுத்தூர் போயிருவீங்க. நா இந்த லயத்துலதான கெடக்கணும். திருட்டுச் சாமானுன்னா கூரை ஒழுகட்டும்."

பெட்டியோடு சேர்த்து இருபதாயிரம் என்றேன். இருபத்திரண்டு என்றேன். "காது கேக்குது தம்பி, வெல ஏத்துனா பதிலு மாறாது" என்றார். அன்றைக்குப் பங்களாவில் மேனேஜராக இருந்த பெரிய துரை குன்னூரில் இருக்கிறாராம். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று சொன்னது அக்காதான்.

கட்டபெட்டிலிருந்து குன்னூர் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்காக முன் சீட்டில் வைத்துக் கயிறு கட்டினேன். "பாட்டுப் பொட்டிக்கு முன்சீட்டு, பார்ட்டிக்குப் பின்சீட்டா?" என்றார் டிரைவர். அக்கா சிரிக்கவில்லை. வழி முழுக்க முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

துரை வீட்டு கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. எண்பதை நெருங்கிய மனிதர், கோவைக்காரர். கம்பெனி சரியாகப் பென்ஷன் தருவதில்லை என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"இது நம்ம சின்ன துரை ரெக்கார்டு ஆச்சே. இது எப்படி உங்ககிட்ட வந்துது?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. முருகேசன் சம்சாரம் என்று மட்டும் சொன்னார். சின்ன துரை என்பவர் அங்கே வேலை பார்த்த இளம் ஆங்கிலேயர். அவருடைய அண்ணனுக்கு லண்டனில் ரெக்கார்டு கடை. மாதா மாதம் பார்சல் வருமாம். ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் யோசித்தேன். பெட்டியின் மதிப்பு தெரியாமல் இவர் "வெச்சுக்கோங்க" என்று சொன்னால் அந்த வார்த்தை நாளைக்கு நிற்காது. அதனால் சொன்னேன்: "ஐயா, இதுக்கு நான் முப்பதாயிரம் வரைக்கும் கொடுக்கலாம்னு இருக்கேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, இது யாருதுன்னு சொல்லுங்க."

பக்கத்திலிருந்து அக்கா திரும்பினார். "எனக்குப் பதினஞ்சுலதான ஆரம்பிச்சீங்க."

"அது வியாபாரங்க்கா."

"அப்ப இது என்ன, கோயிலா?"

துரை எங்களைக் கவனிக்கவில்லை. முப்பதாயிரம் என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஜன்னல் வழியாக அந்தப் பலகையின் முதுகைப் பார்த்தார். பிறகு குடை போட்ட தட்டை எடுத்தவர், தோள் குலுங்கச் சிரித்தார்.

"இந்தப் படமெல்லாம் முருகேசன் போட்டதும்மா. பார்ட்டி நடந்தா ரெக்கார்டு மாத்தற வேல அவனுக்கு. இங்கிலீஷ் படிக்க வராது. 'அந்த அழுவற பொம்பளையப் போடு, அந்த மழைப் பாட்டப் போடு'ன்னு நாங்க சொல்லுவோம். இவன் மைதா பசை காய்ச்சி, பேப்பர் ஒட்டி, அவனே ஒரு அடையாளம் போட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் ஒருதடவ கூட மாத்திப் போட்டதில்ல."

ஒளித்து வைத்த ரகசியம் என்று நான் சொன்னது, எழுத்துத் தெரியாத ஒருவர் பாட்டைக் கண்டுபிடிக்க எழுதி வைத்த முகவரி. என் இருபது வருட அனுபவத்தின் லட்சணம் அது.

"சரிங்க தொரை. ஆனா பொட்டி எப்பிடி எங்க ஊட்டுக்கு வந்துச்சு?" அக்கா விடவில்லை. "அவரு எடுத்தாரா, நீங்க குடுத்தீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க."

"பங்களாவைப் பூட்டறப்ப ஸ்டோர் ரூம் குப்பைய எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். வெளிய போனவன் திரும்பி வந்து, 'ரெக்கார்டும் குப்பைங்களா தொரை?'ன்னு கேட்டான். பிளேயரக் கம்பெனி எடுத்துக்கிச்சு, வெறும் தட்ட வெச்சு நான் என்ன பண்ணட்டும், கொண்டு போன்னேன். ஏம்மா, முப்பதாயிரம்னு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். ஆனா சொன்னது சொன்னதுதான். அது அவனுது."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் டிரைவரும் எழுந்து வாசலுக்குப் போய், இல்லாத மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தபோது இருவரும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் கூடை சுமந்த ஒரு பெண். "இத யாரும் கேக்காமயே போடுவான். எல்லாரும் போனதுக்கப்புறம், கடைசியா" என்றார் துரை. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கூட நம்ம கூடதான். மூக்கு இம்புட்டு நீளமாவா இருக்கு எனக்கு?"

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடி மழையில் போகாதீர்கள், பையில் தட்டு இருந்தால் நிச்சயம் போகாதீர்கள். தங்க நினைத்தால் குன்னூரைவிடக் கோத்தகிரி மலிவு, நான் முன்னூறுக்குச் சுத்தமான அறை எடுத்தேன். லேபிளில் தாள் ஒட்டியிருந்தால் ஆவி காட்டிப் பிரிக்காதீர்கள், தட்டு நெளிந்துவிடும். ஈரப் பஞ்சைத் தாளின் மேல் மட்டும் வையுங்கள், மைதா பசையாக இருந்தால் தானாக விட்டுக்கொடுக்கும். துரை வீட்டிலேயே சீப்புத் தட்டை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். அடியில் இருந்தது விற்பனைக்கு வராத, வானொலிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முன்கூட்டியே அனுப்பும் வெள்ளை லேபிள். லண்டன் கடைக்கார அண்ணன் கதைக்கு அது ஒத்துப்போனது.

அப்புறம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டால் பேரம் கெடும் என்று என் தொழிலில் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அன்று பதினைந்தாயிரம் கூடுதலாகச் செலவானது, உண்மைதான். ஆனால் வீட்டை விற்கும் நிலையிலிருந்த ஒருவர் 'என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுக்க யாரும் இல்லை. அவர் சொல்லவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தவர், தெரிந்துகொள்ளாமல் விற்க மாட்டேன் என்றார். இரண்டு பேருக்கும் நன்றி. இங்கிலாந்துக்காரர் கேட்டால் சொல்ல, இந்தத் தட்டுகளுக்கு இப்போது நேர்மையான பதில் இருக்கிறது.

விலை என்ன என்று கேட்பீர்கள். பேசி முடித்தது இது. நாற்பது தட்டுகளுக்கு முப்பதாயிரம், கையில் ரொக்கம். கூடைக்காரி தட்டு விற்பனைக்கு இல்லை, அது அக்காவிடமே இருக்கும். துரைக்குப் பணம் வேண்டாம், எல்லாப் பாட்டையும் சிடியில் பதிந்து ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு. பிரித்தெடுக்கும் நாற்பது படங்களையும் நான் ரெஜிஸ்டர் தபாலில் கட்டபெட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கிழிந்தால் ஒன்றுக்கு இருநூறு ரூபாய்.