அம்பயரிடம் சொன்ன பொய்

அப்பாவின் இடது கண் ஒரு இருமலால் போனது. புரை எடுத்த மூன்றாம் நாள் அடக்க முடியாமல் இருமிவிட்டார். உள்ளே ரத்தம் கசிந்து பார்வை நின்றுவிட்டது. அதனால் எழுபதுகளின் நடுவில் வலது கண்ணுக்கும் ஆபரேஷன் என்று ஆனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் அவருக்கு வேறு கண் கிடையாது.

தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. இன்றைக்குப் போல மத்தியானமே வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். அடுத்த திங்கள் வரை தலையை அசைக்கக் கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு, அழுகை எதுவும் ஆகாது. டாக்டர் இதை அப்பாவிடம் ஒரு தரமும் என்னிடம் மூன்று தரமும் சொன்னார். என் முகத்தைப் பார்த்தாலே எங்கே கோளாறு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா குரோம்பேட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தன்னை டென்னிஸ் அம்பயர் என்றுதான் சொல்லிக்கொள்வார். பல வருஷம், சாயங்காலமானால் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் அந்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். யார் ஜெயித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டிலும் அதே முகம்தான். நான் பி.ஏ. பாஸ் செய்த அன்று "சரி" என்றார். அந்தச் "சரி" மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தானா வரவேண்டும், வடக்கே ஒரு பெரிய டென்னிஸ் போட்டி தொடங்கியது. பரிசுப் பணத்துக்காக ஊர் ஊராகப் போய் ஆடுகிற வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் மெட்ராஸ்காரர் ஒருவரும் இருந்தார். பதின்மூன்று வயதில் அவர் அதே கல்லூரி மைதானத்தில் ஆடியபோது, கடைசிப் பந்தை அப்பா "அவுட்" என்று சொல்லிவிட, அவர் தோற்றுப்போனாராம். அந்த வயதில் வேறு யாராக இருந்தாலும் ராக்கெட்டை வீசியிருப்பார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வந்து அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அவர் ஆடிய எந்த ஆட்டத்தின் ஸ்கோரையும் அப்பா விட்டதில்லை.

வார்டில் ரேடியோ கூடாது. காலையில் பேப்பர் வாங்கிக்கொண்டு போய் வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் எலெக்ட்ரிக் ரயில் பிடித்துப் பல்லாவரத்தில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போவேன். புதன்கிழமைதான் முதல் செய்தி வந்தது. எங்கள் ஆள் ஒரு பெரிய வெளிநாட்டுக்காரரை முதல் சுற்றிலேயே தோற்கடித்திருந்தார். நான் சும்மா வாசித்திருக்கலாம். வகுப்பில் பாடம் நடத்துகிற பழக்கத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துத் தொலைத்தேன். மணல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அப்பாவின் தலை அப்படியே மேலே எழும்பியது.

வார்டு ஆயா ஓடிவந்து தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "இன்னா வாத்தியாரே, எய்ந்துக்கினா கண்ணு பூடும். சொம்மா பட்டுக்க." என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்குமா கதை படிச்சிக்கினு கீற?" என்றாள். மீதியை வாசிக்காமல் பேப்பரை மடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பேப்பரைப் பார்த்தால் இரண்டாவது சுற்றிலும் ஜெயித்திருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் தெருவில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் பொறுத்து ஜெயிக்கக் கூடாதா? போகிற வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தோற்றுவிட்டார் என்று சொல்லிவிட வேண்டியது. அப்பா வழக்கம் போல "சரி" என்பார். அத்தோடு விஷயம் முடிந்தது, கண்ணும் பிழைத்தது.

"தோத்துட்டார்ப்பா. ரெண்டே செட்."

"சரி" என்றார்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பேப்பரை மடித்தேன். நிமிர்ந்தபோது கட்டின் ஓரத்தில் பஞ்சு ஈரமாகி, ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மருந்து என்று நினைத்தேன். அப்பா அழுது நான் பார்த்ததே கிடையாது. அவருக்கும் அழுகை வரும் என்பதே என் கணக்கில் இல்லை.

"அப்பா, அழாதீங்க. நான் பொய் சொன்னேன். ஜெயிச்சுட்டார். காலிறுதிக்குப் போயிட்டார்."

அவர் தலையை அசைக்காமல் கேட்டார். "இது பொய்யா, அது பொய்யா?"

என்ன சொல்லியும் நம்பவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது? ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் டாக்டர் வந்தார். ஈரக் கட்டை மாற்றினார், என்னை நன்றாகத் திட்டினார், பிறகு அப்பா கேட்டுக்கொண்டபடி அவரே பேப்பரைப் பிரித்து ஸ்கோரைப் படித்தார். அப்பாவின் மூச்சு நிதானமானது. வெளியே வந்து, "டாக்டர், கண்ணுக்கு ஏதாவது ஆயிருக்குமா?" என்று கேட்டேன். "திங்கட்கிழமை கட்டைப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு சட்டம் போட்டார். அம்பயர் சொல்வது போல ஸ்கோரை மட்டும் சொல்ல வேண்டும். யார் அபாரமாக அடித்தார், கூட்டம் எப்படி ஆர்ப்பரித்தது என்பதெல்லாம் கூடாது. "நம்பர் மட்டும்னா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். சனிக்கிழமை காலிறுதியை அப்படியே ஒப்பித்தேன். நாலு ஆறு, ஏழு அஞ்சு, ஆறு நாலு. இரண்டு கையையும் முதுகுக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "ம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கும் அதே "ம்".

அங்கிருந்து நேராகச் சர்ச்சுக்குப் போனேன். அப்பாவின் கண்ணுக்காக ஜெபம் செய்யும்போது நடுவில் ஃபைனலும் வந்து நுழைந்துகொண்டே இருந்தது. எது எதற்கென்று ஆண்டவரே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. கண் போயிருந்தால் அதைப் போக்கினவள் நான்தான் என்பது எனக்கும் அப்பாவுக்கும் ஆயாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். ஸ்டேஷன் கடையில் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா ஃபைனலைப் பற்றிக் கேட்கவில்லை. டாக்டர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பஞ்சை எடுத்தார். அப்பா இமையைத் திறக்கவே நேரமானது. டாக்டர் அவர் முகத்துக்கு எதிரே கையை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மூணு" என்றார். பிறகு, "கொஞ்சம் மங்கல். ஆனா மூணுதான்."

டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "நல்லா இருக்கு. கண்ணாடி போட்டதும் பேப்பரே படிக்கலாம்" என்றார். பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தேன். ஆயா வந்து என் முதுகைத் தடவினாள்.

"நல்லா அயுவுமா. ஒனக்கு இன்னா ஆப்ரேசனா பண்ணிக்கீது?"

அப்போதுதான் அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னாச்சும்மா, ஃபைனல்?"

"ஜெயிச்சுட்டார்ப்பா."

தலையணையிலிருந்து மெல்லத் திரும்பி, புதிதாய்த் திறந்த அந்த ஒற்றைக் கண்ணால் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"முகம் இன்னும் சரியாத் தெரியலை" என்றார். "இப்போதைக்கு நம்பறேன்."