அமைச்சரைத் தப்பவிட்ட கேள்வி

வினாத்தாள் தயாரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்தில் அரசியல் அறிவியல் நடத்தினேன். மையம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். உரக்கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். மழைக்காலத்தில் யூரியா வாசனையோடுதான் அரசியலமைப்புச் சட்டம் நடக்கும்.

ஒரு வருடம் அரசு தரவேண்டிய மானியம் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. விலகிப்போன இரண்டு ஆசிரியர்களின் இடத்துக்கு அதனால் ஆள் போடவில்லை. மூன்றாமாண்டு வகுப்பு தொடங்கவே இல்லை. மையத்தையே மூடப்போகிறார்கள் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

எல்லாரையும்விட அடிபட்டவள் கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கிவந்து, இங்கேயே தங்கிப் படித்த ஒரு பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். காலையில் கரும்பு வெட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவாள். இரண்டு வருடம் முடித்திருந்தாள். பட்டம் கிடைத்தால் மலையில் விடுதிக் காப்பாளர் வேலைக்கு எழுதிப்போடலாம், பிறகு கரும்புக்கொல்லைப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர், நல்ல மனிதர். சட்டமன்றத்தில் கேட்கிறேன், கேள்வியை நீங்களே எழுதிக்கொடுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். (அ) மையத்தை மூட அரசு முடிவு செய்துள்ளதா? (ஆ) ஆம் எனில், காரணம் என்ன? (இ) ஆம் எனில், மானியம் தரப்படாததுதான் காரணமா? (ஈ) ஆம் எனில், மூன்றாமாண்டு மாணவர்களின் கதி என்ன? அமைச்சர் எந்தப் பக்கமும் ஓட முடியாது என்று எம்.எல்.ஏ.விடம் அடித்துச் சொன்னேன்.

பதில் வந்தது. (அ) இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: வினா எழவில்லை.

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றுவிட்டால், 'ஆம் எனில்' என்று அதன் வாலைப் பிடித்து வருகிற எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மூட மாட்டோம் என்று அமைச்சரே சொல்லிவிட்டாரே! கடைவீதியில் பட்டாசு வெடித்தார்கள். எம்.எல்.ஏ. எனக்குச் சால்வை போட்டார். அந்த ஆவணி வெயிலிலும் அதைப் போர்த்திக்கொண்டே டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவள் வந்தாள். மூன்றாமாண்டு அறை பூட்டித்தான் கிடந்தது. பதில் அச்சடித்த தாளைப் பெருமையோடு நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"இன்னா சார் இது? மூடுவீங்களான்னு கேட்டுக்கிறீங்க, அவரு இல்லன்னுட்டாரு. பணம் குடுத்தீங்களான்னு யாரும் கேக்கலியே?"

கேட்டிருக்கிறேனே என்று (இ)யைக் காட்டப்போனேன். விரல் அங்கே போனதும்தான் புரிந்தது. அமைச்சர் பொய் சொல்லவில்லை. அவர் வெளியே போகக் கதவை நானே திறந்துவைத்திருந்தேன். முதல் பகுதியில் தவறியவனுக்கு மற்றதிலும் மார்க் கிடைக்காதபடி வினாத்தாள் போட்டுப் பழகிய கை, சட்டமன்றத்துக்கும் அப்படியே எழுதிவிட்டது. மார்க் போனது அமைச்சருக்கு இல்லை, இவளுக்கு.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுபடி எழுதலாம் என்றேன்.

"நான் சொல்றன், நீங்க எழுதுங்க சார்."

இந்த வருட மானியம் கொடுக்கப்பட்டதா? மூன்றாமாண்டு வகுப்பு எந்தத் தேதியில் தொடங்கும்? இரண்டே வரி. நடுவில் ஓர் 'ஆம் எனில்' போட என் கை துடித்தது. அவள் விடவில்லை.

அதற்கு அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மானியம் கொடுக்கப்படவில்லை என்று அமைச்சர் சபையில் தன் வாயாலேயே சொல்ல வேண்டிவந்தது. பிறகு மற்ற உறுப்பினர்களும் எழுந்து துணைக் கேள்விகளால் துளைத்தெடுத்து, தேதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். பணம் வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விட்டிருந்தது.

வகுப்பு திறந்த அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு வருசந்தான சார், வுடுங்க."

அந்த ஒரு வருடமும் அவள் கரும்புதான் வெட்டியிருந்தாள். கரும்பின் காய்ந்த சோகை கிழித்த கையால் அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.